தாழ்ப்பாள் இல்லாத அறை

லேத் பட்டறையில் அவனுக்குப் பட்டாளம் என்றே பெயர். ராணுவத்திலிருந்து திரும்பியது முதல் யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தான். கூடக் காவல் நின்ற நண்பன் சாக, தான் மட்டும் பிழைத்ததை அவனால் செரிக்க முடியவில்லை. "நானும் அங்கயே போயிருக்கணும்" என்று அவன் முணுமுணுத்தது அக்கா காதில் விழுந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், அவன் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.

"யாரு கழட்டுனது? நான் என்ன கைதியா?"

"நான்தான்டா. உன் தூக்க மாத்திரையும் இனிமே என்கிட்டதான் இருக்கும்."

"உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன், போ!"

"முழிக்காதே. வாய் வலிக்கத் திட்டு. நீ பேசாம இருந்தாதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் நீட்டிய சோற்றுத் தட்டைச் சுவரில் வீசி எறிந்தான். அக்கா கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். திட்டித் திட்டிக் களைத்த பிறகு அவனே சொன்னான்.

"நீ சொல்ற டாக்டர்கிட்ட நாளைக்கு வர்றேன். வழியில ஒரு வார்த்தை பேசுன, திரும்பிடுவேன்."