மேட்னியில் ஒரு தீபாராதனை

வேழமுகத்து மூத்தவனை வணங்கி, வேலேந்திய இளையவன் திருவடியைச் சென்னிமேற் சூடி, சினிமா தியேட்டரின் மெஷின் ரூமில் அடியேன் பெற்ற பேற்றினை எழுதத் தொடங்குகிறேன். அது நிகழ்ந்த நாள் வைகாசி விசாகம். எழுத அமர்ந்த இந்நாளும் அதுவே.

அன்று பகல்

எழுபதுகளின் நடுவில் பெரம்பலூர்த் தியேட்டர் ஒன்றில் உதவி ஆபரேட்டராக இருந்தேன். மூத்த ஆபரேட்டர் அரியலூரில் புதிதாகத் திறந்த கொட்டகைக்குப் போய்விட்டார். விசாகத்தன்று முருகன் படம் வெளியீடு. முதன்முறையாக மெஷின் என் பொறுப்பில். முதலாளி மெஷின் ரூமின் வாசலில் நின்று சொன்னார்:

“இந்தா பாருய்யா, இன்னிக்கு ஒழுங்கா ஓட்டுனீன்னா நீதான் ஆபரேட்டரு. ஒரு தடவ வெளிச்சம் போச்சுன்னா, பழையபடி கேட்டுல நின்னு டிக்கெட்டு கிழி. அரியலூருக்காரரு கைல சொல்லி வேற ஆளப் போட்டுக்கறேன்.”

“போவாதுங்க மொதலாளி.”

“படத்தப் பாக்காத. உன்னயத் தெரியும் எனக்கு.”

அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. எனக்குச் சினிமாப் பித்து உண்டு. சிரிப்புப் படம் ஓடினால் நான் சிரிக்கும் சிரிப்பில் ஸ்டூல் நகரும். கண்ணீர்ப் படம் என்றால், மூன்றாம் வாரத்திலும் அந்தத் தாய் இறக்கும் ரீல் வரும்போது, ‘இன்றாவது பிழைத்துவிட மாட்டாளா’ என்று ஏங்குவேன். சண்டைப் படங்களில் வில்லன் விழுவதற்கு முன்பே கை தட்டிவிடுவேன். எனக்குத்தான் முடிவு தெரியுமே. பின்னாளில், எண்பதுகளில், வசனத்தைக் குறைத்துக் காற்றையும் பறவையையும் பேசவிட்ட படங்கள் வந்தன. மோனத்தின் பெருமை பாடிய அடியார்கள் இருந்திருந்தால் அவற்றுக்குத் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் ரீல்

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அந்நாளில் புரொஜெக்டருக்குள் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகள் நுனிக்கு நுனி நெருங்கி நிற்க, இடையே பாயும் மின்சாரமே வெளிச்சம். குச்சிகள் எரிய எரியத் தேயும். தேயத் தேயக் கைப்பிடியைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் இடைவெளி பெருகி, வெளிச்சம் மஞ்சளாகிப் பழுப்பாகி அணைந்துவிடும். ஒலிக்கு வேறு விளக்கு. ஆகவே திரை இருண்டாலும் பாட்டு நிற்காது.

மேட்னிக்கு வாலிகண்டபுரத்திலிருந்து பூவாயி என்னும் அம்மையார் தலைமையில் மஞ்சள் சேலைப் பெண்கள் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கினர். சாமி படமென்றால் கற்பூரத் தட்டுடன் வருவது வழக்கம். இறைவன் திரையில் தோன்றும்போது எழுந்து முன்னே சென்று ஆரத்தி காட்டுவார்கள், எவரும் தடுப்பதில்லை.

எட்டு ரீல்கள் பழுதின்றி ஓடின. ஒன்பதாம் ரீலில், பக்தன் மலைப்படியில் விழுந்து அழ, மணிகள் முழங்க, மேகம் விலகி மயில் இறங்கியது. அதன்மேல் முருகன் முகம். போர்ட் ஹோல் எனும் சுவர்த்துளை வழியே அந்தப் புன்னகையைக் கண்டேன். அவ்வளவே அறிவேன். என் இரு கைகளும் தலைக்குமேல் குவிந்திருந்தன. கண்களில் நீர். நாவில் இளமையில் மனனம் செய்த பதிகம்.

மூன்றாம் பாட்டைத் தொடங்கும்போது முருகன் மஞ்சளானான். நான்காம் அடியில் மறைந்தான்.

நாதஸ்வரமும் மணியோசையும் மட்டும் இருளில் முழங்கின. முன்வரிசையிலிருந்து ஒருவர், “ஆபரேட்டரு, தூங்கிட்டியாய்யா?” என்றார். “சும்மா இருங்க, சாமிக்குத் தெர போட்டுருக்காங்க,” என்று ஒரு பெண்குரல் அவரை அடக்கியது. பூவாயி கற்பூரம் ஏற்றினார். ஒன்று, ஐந்து, பத்துத் தட்டுகள். வெள்ளைத் திரை பொன்னிறமாயிற்று. நான் கார்பன்களை ஒட்டி விலக்கினேன். குப்பென்று வெளிச்சம் பிறந்தது. முருகன் முன்னிலும் பெரிதாகச் சிரித்தான். கொட்டகை முழுவதும் “அரோகரா” என்றது.

முதலாளி படியேறி வந்தது

படம் முடிந்தது. கேட்டுக்குப் போக மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி மூச்சிரைக்க வந்து ரீல் பெட்டிமேல் அமர்ந்தார்.

“கீழ அந்தம்மா எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்கய்யா. ‘கோயிலுல தெர போட்டு எடுத்தாப்புல காட்டுனீங்க, நல்லாருப்பீங்க’ங்கறாங்க. சாயங்கால ஆட்டத்துக்கு நிக்கிற கூட்டம், ‘எங்களுக்கும் அந்த இருட்டு உண்டா’ன்னு கேக்குது. யாரு சொல்லிக் குடுத்தா இத?”

‘அடியேன் யோசனைதான்’ என்று சொல்லியிருந்தால் வேலை அக்கணமே எனது என்று தோன்றியது. நாவின் நுனிவரை வந்தது. அதே நாவில்தான் சற்றுமுன் பதிகம் இருந்தது.

“யாரும் சொல்லலீங்க. படத்தப் பாத்துட்டேன். ரெண்டு கையயும் தூக்கிக் கும்பிட்டுட்டேன். கார்பன் போயிருச்சு.”

அவர் பெட்டி அதிரச் சிரித்தார்.

“தெரிஞ்சே அணைச்சேன்னு சொல்லிருந்தீன்னா, எங்கிட்ட கேக்காம செஞ்ச திமிருக்குக் கேட்டுக்கு அனுப்பிருப்பேன். போ, மெஷினு உன்னோடது. இனிமே தெனம் அந்த எடத்துல அணைச்சு ஏத்து. ஆனா ஒரு கை கைப்பிடியில இருக்கணும்.”

“ஒத்தக் கையால சாமி கும்பிடலாமா மொதலாளி?”

“ரெண்டு கைக்கும் நான்தானய்யா சம்பளம் குடுக்குறேன்? ஒண்ண முருகனுக்கு விட்டுத் தாரேன். வச்சுக்க.”

அடுத்த வாரம் படம் அரியலூருக்குப் போனது. மூத்த ஆபரேட்டர் போனில் வந்தார். “ஏம்ப்பா, இங்க சனம் இருட்டக் கேட்டு ரகள பண்ணுது. எந்த ரீலுல வச்சுருக்க அத?”

நான் கற்ற பாடம் இதுவே. துணி வெளுத்தும், கலம் வனைந்தும், மீன் பிடித்தும் வாழ்ந்த அடியார்கள் தொழிலை விடாமலே இறைவனை அடைந்தனர். ஓய்வு பெறும்வரை அடியேன் இடக்கையால் கார்பனைத் திருகி, வலக்கையை மட்டும் நெஞ்சில் வைத்து எல்லாச் சாமி படங்களையும் ஓட்டினேன். ஒருமுறையும் முருகன் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இதனைப் படிப்போர் அனைவர்க்கும் கைக்கு நல்ல தொழிலும், கண்ணுக்கு இனிய காட்சியும், இருள் சூழும் வேளையில் கற்பூரம் ஏற்ற ஓர் அயலாரும் குறைவின்றி வாய்க்குமாறு செவ்வேள் அருள்க.