நீக்கியதிடமே வழி கேட்ட இட்டரேட்டர்

ஐடி கம்பெனிகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கிய அந்த மந்தமான வருஷத்தில், பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வழக்கம் வந்திருந்தது. காலையில் கூப்பிடுவார்கள். ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு, செக்யூரிட்டி துணையோடு கேட்டுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். கையிலிருக்கும் வேலையை ஒப்படைக்கக்கூட நேரம் கிடையாது. என் பக்கத்து சீட்காரனையும் அப்படித்தான் அனுப்பினார்கள். நீலசந்திராவில் வாடகை வீடு, கைக்குழந்தை. வேறு வேலை கிடைக்கிற காலமும் அல்ல.

அவன் எழுதிய புரோகிராம், டெலிபோன் அழைப்புகளை ஒரு லிங்க்ட் லிஸ்டில் வைத்திருக்கும். அடுத்த அழைப்பு எங்கே இருக்கிறது என்பதை அதற்கு முந்தையதுதான் சொல்லவேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிற விரல்தான் இட்டரேட்டர். அவன் போன பிறகு, முடிந்த அழைப்புகளை லிஸ்டிலிருந்து நீக்கச் சொன்னார் கஸ்டமர். "ஒரு வரிதானே" என்று மேனேஜரே எழுதினார். அவர் மெஷினில் ஜோராக ஓடியது. கஸ்டமர் முன்னால் படுத்துவிட்டது.

"அவனுக்கு போன் போடும்மா" என்றார் மேனேஜர். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், கெட்டவர் இல்லை.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சார் போடறது? நீங்களே பேசுங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் ஸ்பீக்கரில் போட்டார். "ஸ்வல்ப பாத்துச் சொல்லுப்பா" என்று, கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, புரோகிராமை வரிவரியாக வாசித்தார்.

அவன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "அழைப்ப நீக்கிட்டு, அப்புறம் அதுகிட்டயே அடுத்தது எங்கேன்னு கேக்குறீங்க சார். இடிச்ச வீட்டுல போய் பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டா யாரு சொல்லுவாங்க?"

"என் மெஷின்ல ஓடிச்சேப்பா?"

"இடிச்ச இடத்துல பழைய போர்டு இன்னும் கெடந்திருக்கும், அதான். கஸ்டமர்கிட்ட அதையும் வாரிட்டுப் போயிருக்கும். நீக்கும்போதே லிஸ்ட் அடுத்தத உங்க கையில குடுக்கும் சார். அத வாங்கி இட்டரேட்டர்ல வெச்சிடுங்க, போதும்."

மாற்றினேன். ஓடியது. எவ்வளவு நேரம் விட்டு ஓட்டினாலும் படுக்கவில்லை. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, "இவன கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்" என்றார்.

"அனுப்பாமயே இருந்திருக்கலாம் சார்" என்றேன்.

அப்போதுதான் போனில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரை யாருமே அணைத்திருக்கவில்லை. மேனேஜர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து, "மேலிடத்துல நான் பேசிக்கறேன். நாளைக்கு வர்றியாப்பா?" என்றார்.

அந்தப் பக்கம் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம். "கார்ட வாங்கிட்டீங்களே சார், செக்யூரிட்டி உள்ள விடமாட்டான்."

"நான் வந்து கேட்டுல நிக்கறேன்" என்றார் மேனேஜர்.