தூதரின் பெட்டியை வெயிலில் போட்ட கதை

பலெர்மோவில் என் காலை வேலை, எங்கும் போகாத ஒரு பெட்டிக்குத் தூசு தட்டுவது. கபோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், வாசற்கதவோடு நிற்கும் தோல்பெட்டி அது. முதல்நாள் அதைக் கண்டதும், வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா பயணம் போகிறார், கிடைத்த வேலை அன்றைக்கே போய்விட்டது என்று நினைத்தேன்.

பெட்டி சிஞ்ஞோராவின் தகப்பனாருடையது. ரஷ்யாவில் ஜார் மன்னனுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் அடித்து, சைபீரியாவிலிருந்து தப்பி, புரட்சி வென்றதும் சோவியத் தூதரக அதிகாரியாக ரோமுக்கு வந்தவர். மன்னனை விரட்டிய மனிதர், இங்கே வால்கோட்டு மாட்டிக்கொண்டு இன்னொரு மன்னனுக்குத் தலை குனிந்தாராம். நானும் யாழ்ப்பாணத்தில் இயக்கத்தில் இருந்தவன்தான். என் பங்குப் புரட்சி, சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியது. அதையும் அடிப்பிடிக்க விட்டேன். அவருக்கு வால்கோட்டு, எனக்கு ஏப்ரன்.

ஒருநாள் மாஸ்கோ அவரைத் திரும்ப அழைத்தது. அப்படிப் போன நண்பர்களிடமிருந்து பிறகு செய்தியே வரவில்லை. அவர் பலெர்மோவில் ஒதுங்கி, இங்கே ஒருத்தியை மணந்தார். பிள்ளையைப் பெற்றதோடு அவள் இறந்துவிட்டாள்; அந்தப் பிள்ளைதான் சிஞ்ஞோரா. பிள்ளைக்கு ஐந்து வயதாகுமுன் அவரும் கண்ணை மூடினார். கட்டிய பெட்டி மட்டும் வாசலில் நின்றது.

"ஏன் திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

"உள்ளுக்குக் குளிர் உடுப்பு மட்டும் இருந்தால், அப்பா என்னை விட்டிட்டு மாஸ்கோவுக்குப் போக இருந்தவர் எண்டுதானே அர்த்தம், அந்தோனியோ? தெரியாமலே இருந்திட்டுப் போறன்."

எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி உண்டு: மாரி கழிந்து முதல் வெயில் எறித்தால் எதையாவது காயப்போட வேண்டும். போன மாதம் சிஞ்ஞோரா வைத்தியரிடம் போயிருந்த நேரம், தலையணையைப் போட்டேன், கம்பளத்தைப் போட்டேன். பெட்டியில் பூஞ்சண மணம். கை முந்திவிட்டது, மூளை வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் இருந்ததெல்லாம் பல்கனிக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன.

"அந்தோனியோ, கடை விரிக்கிறியோ? தொப்பி என்ன விலை?" கீழேயிருந்து மீன்காரன் கத்தினான். அவனுக்குப் பக்கத்தில் சிஞ்ஞோரா, அண்ணாந்து பார்த்தபடி. நான் பாய்ந்து இழுக்கப் போனேன்.

"தொடாதை!"

மூச்சு வாங்க மேலே வந்தார். கொடியில் கனத்த கம்பளிக் கோட்டு, பக்கத்தில் வெள்ளை லினன் சட்டை. ஒரு ரோமத் தொப்பி, ஒரு வைக்கோல் தொப்பி. அவற்றின் அருகே, நாலு வயதுத் தலைக்கு அளவாக, குட்டி ரோமத் தொப்பி ஒன்று, குட்டி வைக்கோல் தொப்பி ஒன்று. பிள்ளையின் தலை வளர வளர மனிதர் தொப்பியை மாற்றி வைத்திருக்க வேண்டும்.

"எங்கை போறதெண்டு அவருக்கே தெரியேல்லை," என்றார் சிஞ்ஞோரா. குட்டி ரோமத் தொப்பியை நரைத்த தலையில் வைத்தார். அது உச்சியில் காகம்போல இருந்தது. "ஆரோடை எண்டு தெரிஞ்சிருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "திருப்பி அடுக்கு. நாளைக்கும் தூசு தட்ட வேணும்."

வீட்டுக்கு வந்து, அலுமாரிக்கு மேலே கிடந்த என் பெட்டியை இறக்கினேன்.

"என்னப்பா, வேலை போட்டுதோ?" மனைவி பதறினாள்.

"இல்லையப்பா, சும்மா."

ஊருக்குப் போக என்று வந்த வருடமே கட்டி வைத்த பெட்டி. திறந்தால் முழுக்க என் சாரமும் சட்டையும். இங்கேயே பிறந்த மகளின் துணி ஒன்றுகூட இல்லை. அவளுடைய குளிர்த்தொப்பியை எடுத்துச் சாரத்தின் மேல் வைத்து மூடினேன். யாழ்ப்பாணத்து வெயிலில் அதற்கு என்ன வேலை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.