கண் சிமிட்டிய லைட்டும் கம்பெனி மாப்பிள்ளையும்

வீட்டு லைட்டு வேலை பார்க்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: ஒழுங்காக எரிகிற லைட்டை மாட்டியவன் யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள், கண் சிமிட்டுகிற லைட்டை மாட்டியவன் பேர் மட்டும் தெருவுக்கே தெரியும். எலக்ட்ரீசியன், பிளம்பர், டிவி மெக்கானிக் என்று அடுத்தவர் வீட்டுக் காலிங் பெல்லை அடித்துப் பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் ஓசூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியனாக இருந்தவன். பர்மனென்ட் வேலை, கேன்டீன் சாப்பாடு, வாசலுக்கு வரும் பஸ். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஓசூரில் புது வீடு கட்டியவர்களுக்கெல்லாம் ஜிப்சம் சீலிங் மோகம் பிடித்தது. அதில் வட்ட ஓட்டை போட்டு எல்.ஈ.டி. லைட்டைப் பதிப்பார்கள். பெங்களூரிலிருந்து வந்திறங்கிய அந்தப் புது லைட்டு எங்கள் ஊர் கரண்டுக்குப் பழகாமல் கண் சிமிட்டியது. அதைச் சரி செய்ய ஆளில்லை. நான் வேலையை விட்டுவிட்டு அதற்கு ஆளானேன்.

நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. கம்பெனி மாப்பிள்ளை என்றுதான் பெண் கொடுத்தார். நான் வேலையை விட்ட பிறகும் சொந்தக்காரர்களிடம் "மாப்ள கம்பெனியில இருக்காரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பொய் பேசத் தெரியாத மனிதர் என் தொழிலை மறைக்கப் பொய் பேசினார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர் வாயாலேயே என் தொழிலைச் சொல்ல வைக்க வேண்டும் என்பதுதான் அந்த வருஷங்களில் எனக்கிருந்த ஒரே வெறி.

சீரியலுக்கு ஏற்ற வெளிச்சம்

ஓசூரில் ஒரு திருநெல்வேலிக்காரர். ஒரு கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். ஹாலில் பதித்த லைட்டெல்லாம் ஓயாமல் துடிக்கிறது என்று கூப்பிட்டார். லைட்டுக்குப் பின்னால் டிரைவர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். கரண்டை லைட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பது அதுதான். கழற்றிப் பார்த்தேன், அதில் குற்றமில்லை. ஒயரைப் பார்த்தேன், சுத்தம். கடைசியில் ஸ்விட்ச் போர்டைத் திறந்தால், ஹால் லைட்டு மொத்தமும் ஃபேன் ரெகுலேட்டரில் போய் முடிந்திருந்தது.

வீட்டம்மா சீரியல் பார்க்கும்போது வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம். வேண்டியபோது குறைத்துக்கொள்ளலாமே என்று ஞாயிற்றுக்கிழமை இவரே செய்த வேலை. ஃபேனுக்கான ரெகுலேட்டர் இந்த லைட்டுக்கு ஆகாது, டிரைவர் திணறும் என்று எடுத்துச் சொல்லி, லைட்டை இரண்டு ஸ்விட்சாகப் பிரித்துக் கொடுத்தேன். சீரியலுக்கு இரண்டு லைட்டு, விருந்தாளி வந்தால் எல்லா லைட்டும். வீட்டம்மாவுக்குப் பரம திருப்தி. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை. ரெகுலேட்டரைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே சொன்னார்:

"ஃபேன் சொன்ன பேச்ச கேக்குல்லா? இந்த லைட்டுக்கு மட்டும் என்னவே அவ்வளவு கொழுப்பு?"

கெலமங்கலத்துப் பேய்

கெலமங்கலத்தில் தெலுங்கு பேசும் ஒரு குடும்பம், காய்கறி மண்டிக்காரர் வீடு. புது பெட்ரூமில் லைட்டை அணைத்த பிறகும் அது விட்டு விட்டு மினுக்கென்று கண்ணைத் திறந்து மூடுகிறது. நான் போவதற்குள் பூசாரி வந்து போயிருந்தார். நிலைப்படியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. குடும்பம் முழுக்க ஹாலில் பாய் விரித்திருந்தது.

நான் ஜன்னலைச் சாத்தி, அறையை இருட்டாக்கி, லைட்டை அணைத்துவிட்டு நின்றேன். வந்தது சிமிட்டல். ஸ்விட்சைப் பார்த்தால், இருட்டில் தெரிவதற்காகச் சிவப்புப் பொட்டு எரிகிற வகை. அந்தப் பொட்டு வழியாகக் கசிகிற துளிக் கரண்டு டிரைவரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நிறைந்ததும் லைட்டு ஒரு தடவை விழிக்கும். பொட்டு இல்லாத ஸ்விட்சை மாட்டினேன். அறை கப்சிப். நானே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்று வையுங்கள். மண்டிக்காரர் மட்டும் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் சொன்னார்:

"ஸ்விட்சுதான் காரணம்னு வெளியில சொல்லாதீங்கண்ணா, பூசாரிக்கு அறுத்த கோழி வீணாப் போயிடும்."

திருவிழா வீடு

இது சின்னது. குந்தாரப்பள்ளியில் ஒரு மாட்டு வியாபாரி. கரண்டு இருக்கும்போது லைட்டு ஒழுங்கு. கரண்டு போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அந்த வருஷங்களில் கரண்டு போகாத நாள் ஏது? மட்டமான இன்வெர்ட்டர் தருகிற கரண்டு கரடுமுரடாக இருக்கும், நல்லது மாற்றினால் சரியாகிவிடும் என்றேன். அவர் தெருவை எட்டிப் பார்த்தார். ஊரே இருட்டு, அவர் வீடு மட்டும் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"விடுங்க சார், கரண்டு போனா எங்க வூடு மட்டும் திருவிழா மாதிரி இருக்குது."

பசவண்ணாவின் சீலிங்

சீலிங்காரரும் எலக்ட்ரீசியனும் மாமியார் மருமகள் போல. பசவண்ணா ஓசூரில் பேர் பெற்ற சீலிங்காரர், கன்னடக்காரர். அவர் சீலிங் போட்டு முடித்த ஒரு வீட்டில், முதலில் பதித்திருந்த சூடு கக்கும் பழைய பல்புகளை எடுத்துவிட்டு, வீட்டுக்காரர் அதே இடத்தில் எல்.ஈ.டி. போட்டார். உடனே துடிப்பு ஆரம்பம். பசவண்ணா ஒயரிங்கைக் குறை சொன்னார். ஒயரிங் பண்ணியவர் லைட்டைக் குறை சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குப் போனவுடனே புரிந்துவிட்டது. பழைய பல்புக்கென்று வைத்த டிரான்ஸ்பார்மர் பெட்டி உள்ளேயே இருக்கிறது. அதிகம் இழுக்கிற பல்புக்குப் பழகிய பெட்டி, இவ்வளவு கொஞ்சமாக இழுக்கிற லைட்டுக்கு நின்று நின்றுதான் வேலை செய்யும். அதை எடுக்க வேண்டும். ஆனால் பெட்டியை உள்ளே வைத்து, வழியே விடாமல் மூடிப் பூசிவிட்டார் பசவண்ணா. எங்கே இருக்கிறது என்று அவருக்கே நினைவில்லை. மொத்தத்தையும் பிரிப்பதென்றால் என் பிணத்தைத் தாண்டித்தான் என்று ஏணியை மறித்து நின்றார்.

லைட்டு ஓட்டையில் கையை விட்டு, ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் இறுகுகிறது, எங்கே லேசாகத் தட்டுகிறது என்று காதை வைத்துக் கேட்டேன். பிறகு பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, இங்கே அறுங்கள் என்றேன். அறுத்தார்கள். பெட்டி நேராக வட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் புது டிரைவரை வைத்து, அறுத்த ஓட்டையில் இன்னொரு லைட்டைப் பதித்து அதையும் மறைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என்னைப் பிடிக்கிற வேலை அது. பசவண்ணா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நோடண்ணா, இன்மேல் நான் எங்க சீலிங் போட்டாலும் லைட்டு நீனே. வேற ஆளு வந்தா நான் ஏணி குடுக்க மாட்டேன்."

நாகரசம்பட்டியில் ஏணி

மாமனார் புது வீடு கட்டினார். அவர் வீட்டிலும் சீலிங், சீலிங்கில் லைட்டு. வேலையை மட்டும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த வேறொருவருக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை மாமனார் வீட்டில் ஏணி ஏறினால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அதோடு கம்பெனி கதையும் கந்தலாகிவிடுமே.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின சாயங்காலம் வீடு நிறையச் சனம். ஹால் லைட்டெல்லாம் துடியோ துடி. கிருஷ்ணகிரிக்காரர் வந்து இரண்டு லைட்டை மாற்றினார், புதுசும் துடித்தது. நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். "புது வூட்டுல இப்படி அணைஞ்சணைஞ்சி எரியுதே" என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. நான் எழுந்தால், "நீங்க உக்காருங்க மாப்ள, வேட்டி அழுக்காயிடும்" என்கிறார். என் மனைவி செல்வி பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தாள்: "நீங்க ஏர்றீங்களா, இல்ல நான் ஏறட்டுமா?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் கவனித்துவிட்டிருந்தேன். தோப்புப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மும்முனைக் கரண்டு நின்றுபோன நேரம் அது. அந்த நேரத்திலும் மோட்டாரை ஓட்ட எங்கள் பக்கத்து விவசாயிகள் மின்வாரியத்துக்குத் தெரியாமல் ஒரு கன்டென்சரை இடையில் சேர்த்துவிடுவார்கள். மோட்டார் முக்கி முனகி ஓடும். அக்கம்பக்கத்து வோல்டேஜை எல்லாம் அது குடித்துவிடும். செல்வியை அனுப்பி மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். லைட்டு நின்று எரிந்தது. போடச் சொன்னேன், துடித்தது. கூடமே பார்த்தது.

"மாமா, லைட்டு மேல தப்பில்லை. நம்ம கன்டென்சர்தான்" என்றேன். வந்திருந்தவர்கள் பாதிப் பேர் விவசாயிகள், எல்லார் தோப்பிலும் அது இருக்கிறது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஊர்ல எல்லாரும்தானே போடறோம்" என்றார் மாமனார். பிறகு மெதுவாக, "மோட்டார நிறுத்த முடியாதுங்களே மாப்ள. காலையில சமையலுக்குத் தொட்டி ரொம்பணும்."

"நிறுத்த வேணாம் மாமா. வோல்டேஜ் எறங்கினாலும் தாங்கற டிரைவர் இருக்குது, நான் மாத்திடறேன்."

கல்யாணத்துக்குப் போனாலும் என் பைக் பெட்டியில் அது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். புது டைல்ஸ், ஏணிக் கால் வழுக்கியது. கீழே யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தால், பட்டுக்கரைத் துண்டோடு மாமனார். ஒவ்வொரு லைட்டாக மாற்ற மாற்ற, ஏணியை அவரே நகர்த்தி அவரே பிடித்தார். மோட்டார் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மாற்றிய லைட்டு எதுவும் அசையவில்லை.

பாதி ஹால் முடிந்தபோது சேலத்திலிருந்து அவருடைய பெரிய சகலை வந்து சேர்ந்தார். மேலே என்னையும் கீழே அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, மாப்பிள்ளை கம்பெனியிலதானே இருக்காரு?" என்றார். நான் ஸ்குரூவைத் திருகாமல் கையை நிறுத்தினேன். மாமனார் ஏணியை விடாமலே சொன்னார்:

"கம்பெனிய விட்டு ரொம்ப நாளாச்சிங்க, இப்ப லைட்டு வேலதான் பாக்கறாரு. நான் ஏணிய வுட முடியாது, நீங்க உள்ள போயி சாப்புடுங்க."

ஊரார் வீட்டு லைட்டையெல்லாம் சரி செய்துகொண்டிருந்த எனக்கு, சொந்த மாமனாரைச் சரி செய்ய அவர் வீட்டு லைட்டே துடிக்க வேண்டியிருந்தது.