எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்திருந்த புத்தகம்

ஒரே ஆள்

ராவுத்தர் என் படங்கள் ஆறையும் கடைப் பலகைமேல் வரிசையாகப் பரப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை பார்த்துவிட்டு, திரும்ப முதல் படத்துக்கு வந்தார்.

"மாரி, இது யாரு?"

"தோபிங்க முதலாளி. துணி வெளுக்கிறவரு."

"இது?"

"தபால்காரரு."

"இது சாத்தே விக்கிற மலாய்க்காரரு, சரி. இந்தம்மா இட்லி விக்குது, சரி. அலமாக்! ஜொகூர்ல வேற ஆளே இல்லையா? இந்த ஒரு ஆளே துணி வெளுத்து, தபால் குடுத்து, சாத்தேக் கறி சுட்டு, மீசைய எடுத்துட்டு வந்து இட்லியும் விக்கிறானா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னது உண்மை. ஆறு படத்திலும் ஒரே முகம்.

அப்போது நான் படக்காரனாகி அதிக நாள் ஆகவில்லை. செடெனாக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். மழை பெய்த சரிவில் வழுக்கி விழுந்து இடது கால் மடங்கிப் போனது. மேடு ஏற முடியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? நானும் என் மனைவி அஞ்சலையும் ரயிலேறி ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தோம். தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய பழக்கத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினேன். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எழுத்தை எழுத்தென்று தெரியாமல், கொடி மாதிரி, கொக்கி மாதிரி பார்த்து வரைந்துவிடுவேன். ஒரு பால்காரர் பலகையில் நான் போட்ட பசுவைப் பார்த்துத்தான் ராவுத்தர் என்னைத் தேடி வந்தார்.

அவர் கடையில் சிலேட்டு, பஞ்சாங்கம், குடை, ஊதுபத்தி எல்லாம் கிடைக்கும். பிள்ளைகளின் தமிழ்ப் புத்தகம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும். அதில் பனைமரம், ஏற்றம், கிணறு. இங்கே பிறந்த பிள்ளைகள் அதைப் பார்த்து, "இது என்னா மரம், இது என்னா ஓட்டை?" என்று கேட்பதாக வாத்தியார்கள் சொன்னார்களாம். "நம்ம ஊரு ஆளுங்கள வச்சு, நம்ம ஊருலயே ஒரு புத்தகம் அடிச்சிடுவோம்" என்று கிளம்பிவிட்டார். பக்கத்துக்கு ஒரு ஆள், கீழே நாலு வரி. வரியை ஒரு வாத்தியார் எழுதுவார், ஆள் நான் போட வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன் மாரி. அதுக்குள்ள ஆளுக்கு ஒரு மூஞ்சி வரல்லன்னா இந்த யோசனையே வேணாம். எனக்குக் கப்பல் புத்தகம் போதும்."

எனக்குப் போதாது. பலகை எழுதும் வேலை நின்று போயிருந்தது. இதுவும் போனால் யோங் பெங்கில் மச்சினன் லயத்துக்குப் போய், அவன் வெட்டும் பாலில் வரும் சோற்றை உட்கார்ந்து தின்ன வேண்டும். மச்சினன் நல்லவன்தான். அதனால்தான் போகப் பயமாக இருந்தது.

தண்ணீர் வெளிச்சம்

நாங்கள் இருந்தது கடலோரம், கால் நட்ட பலகை வீடு. சிங்கப்பூருக்குக் கடலில் கல் கொட்டிப் பாதை போட்டு ரயில் ஓட ஆரம்பித்திருந்த சமயம். கடல் ஏறினால் வீட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கும். வெயில் அதில் பட்டுப் பலகை இடுக்கு வழியாக மேலே வந்து சுவரெல்லாம் நெளியும். நான் வரையும் காகிதத்திலும் நெளியும். தோபியை வரைந்து வைத்தால் அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று துவைப்பது மாதிரி ஆடுவார். எத்தனையோ நாள் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மை, சீனர் கடையில் கட்டியாக வாங்குவது. கல்லில் தண்ணீர் விட்டு உரைக்க வேண்டும். அவசரப்பட்டால் சாம்பல் நிறத்தில் நிற்கும். பொறுமையாக உரைத்தால் காக்கை இறகின் கறுப்பு வரும். இதை இன்றைக்கு வரைகிற பிள்ளைகளிடம் சொன்னால், புட்டியில் கிடைக்குதே தாத்தா என்கிறார்கள். கிடைக்கட்டும். உரைக்கிற நேரத்தில்தான் என்ன வரையப் போகிறோம் என்பது மெதுவாக வந்து பக்கத்தில் உட்காரும்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்தது அஞ்சலை. படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது என் மூஞ்சி இல்ல?"

"எது?"

"எல்லாந்தான். இந்தா, மூக்கு, இந்தா, தாவாங்கட்டை. எனக்கு மீசை வச்சு ஊரெல்லாம் தபால் குடுக்க வச்சிருக்கீங்க!"

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள். "வேற யாரு மூஞ்சியையும் நீங்க பாத்ததே இல்லையா?"

மறுநாள் பசாருக்குப் போய் முகம் பார்க்க நின்றேன். மீன் விற்கிறவர், கறி வெட்டுகிறவர், கூடை பின்னுகிற கிழவர் என்று எத்தனையோ பேர். தூரத்தில் வரும்போது பார்ப்பேன். கிட்டே வந்தால் என் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பார்த்த கொஞ்சமும் தண்ணீரில் விட்ட மை மாதிரிக் கரைந்து போகும்.

யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நான் யார் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது தரையைப் பார்க்க வேண்டும். கங்காணி பேசினால் தரை, கணக்கெழுதும் கிராணி பேசினால் தரை, துரை வந்தால் தரையிலும் தரை. நிமிர்ந்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பயமில்லாமல் நான் பார்த்த முகம் ஒன்றே ஒன்று. அதுதான் ஆறு படத்திலும் வந்து நின்றது.

முகம் தெரியாதே தவிர ஆட்கள் தெரியும். பனி மூட்டத்தில் மரத்துக்குப் போகும்போது ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின்னால் ஒருவராக நடப்போம். எனக்கு முன்னால் எப்போதும் முதுகுகள். பனிக்குள் போகும், வரும், மறுபடி கரையும். கழுத்துச் சரிவைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவேன். ராத்திரி சண்டை போட்டவன் முதுகு ஒரு மாதிரி, கடிதம் வந்தவன் முதுகு ஒரு மாதிரி. பிள்ளை உண்டானவள் யாரிடமும் சொல்வதற்கு முன்னால் அவள் இடுப்பு எனக்குச் சொல்லிவிடும். மரம் மரமாகப் பிரிந்து போகும்போது அந்த முதுகுகள் பச்சைக்குள் ஒவ்வொன்றாக அணைவது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

மை உரைத்தேன். ஆறு பேரையும் அந்தப் பக்கம் திருப்பினேன்.

திருப்பிப் பார்த்த பிள்ளை

வெள்ளிக்கிழமை ராவுத்தர் தொழுகை முடித்து வந்து படங்களைப் பார்த்தார்.

"என்னா மாரி, எல்லாரும் நம்ம மேல கோவமா? ஒருத்தனும் திரும்ப மாட்டேங்குறான்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இரு இரு. இது நம்ம கடைக்கு வர்ற தோபி. வலது தோள் இறங்கியிருக்கு பாரு. இந்த அம்மா... இட்லி விக்கல்ல, வித்து முடிச்சிட்டு வீட்டுக்குப் போகுது. கூடை லேசா இருக்கு." அவர் குரல் இறங்கிப் போனது. "நடையே தெரியுதே லா."

ஆனால் அவர் வியாபாரி. பெரியவர்கள் ரசிப்பது வேறு, பிள்ளைகள் வாங்குவது வேறு என்று தெரிந்தவர். சிங்கப்பூரில் ஆறு படத்துக்கும் அச்சு பிளாக் செய்து, மெல்லிய காகிதத்தில் மாதிரிக்குக் கொஞ்சம் அடித்தார். இரண்டு பக்கமும் அடித்தால் மை அடுத்த பக்கம் தெரிந்துவிடும். அதனால் ஒரு பக்கம் மட்டும். நூல் போட்டுத் தைத்து எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு செடெனாக்குக்கு ரயில் ஏறினார். நான் வேலை பார்த்த தோட்டம் இல்லை, பக்கத்துத் தோட்டம்.

ரயிலில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "புள்ளைங்க ஒதுக்கிட்டா விட்டுடணும் மாரி. வருத்தப்படக் கூடாது, நானும் சரி, நீயும் சரி."

பள்ளிக்கூடம் என்றால் அத்தாப்பு ஓலைக் கூரை, நாலு கம்பம், ஒரு வாத்தியார். பிள்ளைகள் புத்தகத்தைச் சுற்றிக் குந்தின. ஒரு பெண் குழந்தை, ஏழெட்டு வயதிருக்கும், பேர் கமலம். காண்டாக் கட்டையைத் தோளில் வைத்து இரண்டு வாளி பால் தூக்கிப் போகிறவர் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தாளைப் புரட்டினாள். பின்பக்கம் வெள்ளை. மறுபடி முன்பக்கம், மறுபடி பின்பக்கம்.

"மூஞ்சி இந்தப் பக்கந்தான இருக்கணும்? எங்க காணோம்?"

மற்ற பிள்ளைகளும் புரட்டின. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். எல்லாம் வெள்ளை. "மூஞ்சி இல்ல", "மூஞ்சி போடல்ல" என்று ஒரே சத்தம். ராவுத்தர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பாவமாகப் பார்த்தார்.

புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே பால்மரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. என் நினைவில் அந்த ரயில் இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

அஞ்சலையிடம் சொன்னேன். அவள் யோங் பெங் போகப் பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

வெள்ளைப் பக்கம்

பெட்டி பாதி நிறைந்திருந்தது. மழை விட்டு வெயிலடித்த ஒரு மத்தியானம் ராவுத்தரே குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறினார். அதற்கு முன் அவர் வந்தது ஒரே தடவை. சிலேட்டு கொடுக்கச் செடெனாக் போனாராம். அக்குளில் அந்தத் தைத்த புத்தகங்கள்.

"வாத்தியார் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. 'மன்னிக்கணும் முதலாளி, புள்ளைங்க புத்தகத்தப் பாழாக்கிடுச்சுங்க, நாலு அடி வச்சிருக்கேன்'ங்கிறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! 'அடிச்சீங்களா? எதுக்கு அடிச்சீங்க?'ன்னு கேட்டுட்டேன். பாரு நீயே."

பிரித்தேன். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் முகம். பென்சிலில், கரியில், ஒன்றிரண்டு செம்மண்ணைக் குழைத்து. தோபிக்குக் கண்ணாடி போட்டிருந்தது ஒரு பிள்ளை. தபால்காரருக்குப் பல் இல்லை. இட்லிக்கார அம்மா அழுதுகொண்டு போகிறாள். அடுத்த புத்தகத்தில் அதே அம்மா வெற்றிலை மென்றுகொண்டு போகிறாள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முன்னால் என் முதுகும் பின்னால் அவர்கள் முகமும் ஒரே ஆளாகச் சேர்ந்து நின்றன. தண்ணீர் வெளிச்சம் அதன்மேல் நெளிந்தது. வாளிக்காரர் சிரித்துக்கொண்டு போகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் அப்பாவை நினைத்துப் போட்ட முதுகு அது.

"தாள் ரெட்டிப்பா போகும்," என்றார் ராவுத்தர் தன்பாட்டுக்கு. "ஒரு பக்கத்த வெறுமனே விடுறதுன்னா சும்மாவா? பைத்தியக்கார வேலை." அப்புறம் அஞ்சலையைப் பார்த்து, "தங்கச்சி, அந்தப் பெட்டிய மேல ஏத்து. இவன் இன்னும் இருபது பேரத் திருப்பணும்" என்றார்.

புத்தகம் வெளிவந்தது. ஒவ்வொரு தாளும் பின்னால் வெள்ளை. அதற்குப் பிறகு நாலு புத்தகம் வீட்டிலிருந்தே வரைந்தேன். அவற்றைப் பார்த்துத்தான் எழுத்தும் படித்துக்கொண்டேன். படம் போட வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உனக்கு வராத இடத்தில் அடுத்தவன் கோட்டைப் போட்டு நிரப்பாதே. சும்மா விடு. அங்கே வரையப் பிள்ளை வரும்.

அச்சான முதல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நானே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கமலம் ஒரு தாளைப் பின்பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த மூஞ்சி எனக்கு வரல்ல. உங்களப் பாத்து வரையறேன். கீழ பாக்காதீங்க."

நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. நானும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவத்தின்மேல் ஒரு சின்னத் தழும்பு, ஒரு பக்கம் மட்டும் குழி விழும் கன்னம், வரையும்போது வெளியே எட்டிப் பார்க்கும் நாக்கு நுனி.

சாயங்கால ரயிலில் உட்கார்ந்து அதை அப்படியே வரைந்தேன். கரையவில்லை. எனக்கு வந்த இரண்டாவது முகம் அது.