செல்வராணி மேடத்தின் சேற்று ஜாடி

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். துறை உதவியாளர் வாசலில் நின்று, "சார், செல்வராணி மேடம் காலையில தவறிட்டாங்களாம். ஹார்ட் அட்டாக்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஜாடி என்னவாகும் என்றுதான் மனம் பதறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த இரங்கல் கூட்டத்தில், அவரோடு பழகிய உங்கள் முன் நல்லவிதமாக நாலு வார்த்தை பேசிவிட்டு என்னால் உட்கார முடியாது. ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

தஞ்சாவூரில் எங்கள் கல்லூரியில் அவர் நுண்ணுயிரியல், நான் வேதியியல். அடுத்தடுத்த ஆய்வகம். முத்துப்பேட்டை படகுத்துறையில் டீசல் படிந்த சேற்றை அள்ளிவந்து, கடல்தண்ணீர் ஊற்றி ஒரு ஊறுகாய் ஜாடியில் வைத்திருந்தார். அந்தச் சேற்று பாக்டீரியாக்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சொட்டு டீசல், ஒரு சிட்டிகை டி.ஏ.பி. உரம். தண்ணீர் மேல் வானவில்லாய்ப் படரும் டீசல் அடுத்த வெள்ளிக்குள் காணாமல் போகும். "டீசலைத் தின்னுது, சரி. உரம் எதுக்கு மேடம்?" என்று கேட்டேன். "வெறும் சோத்தையே போட்டா நீங்க சாப்பிடுவீங்களா சார்? டீசல்ல கார்பன்தான் இருக்கு. இவங்க பெருகணும்னா நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும்ல?" என்றார். கிருமிகளை 'இவங்க' என்று மரியாதையாகச் சொன்ன ஒரே மனுஷி நான் பார்த்ததில் அவர்தான்.

ஜாடி நாறும். அடியிலிருந்த கறுப்புச் சேறு அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நெல்லு விளையற ஊர்ல உட்கார்ந்துகிட்டு கடல் சேத்தோட என்ன மேடம் வேலை?" என்று எரிந்து விழுந்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "வயல்ல போடுற யூரியா பூராவும் பயிரா சாப்பிடுது? மிச்சம் வடிகால்ல ஓடி கடலுக்குத்தான் போவுது. காத்துப் படாத சேத்துல இருக்கறவங்க அதுல உள்ள நைட்ரஜனை மறுபடி காத்தாக்கி மேல அனுப்புறாங்க. இல்லன்னா பாசி மண்டி மீனுக்கு மூச்சு முட்டும். கடைமடையோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். அதுக்கு அப்புறமும் ஒரு மடை இருக்கு சார். அங்க இவங்கதான் ஆளு."

இனி என் வண்டவாளம். கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்த காலை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வராந்தா முழுக்க நாற்றம். நான் அரை பாட்டில் பினாயிலை அந்த ஜாடிக்குள் ஊற்றிவிட்டேன். அன்று தரையெல்லாம் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். வாசனையால் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று கணக்குப் போட்டேன். ஆனால் தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. செல்வராணி மேடம் வந்ததும் ஜாடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். "சார், நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். "இல்லையே மேடம்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையே முத்துப்பேட்டைக்குப் போய்ப் புதிதாகச் சேறு எடுத்துவந்தார். இந்த முறை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். என் முகச்சுளிப்புக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் எத்தனையோ வருடம் ஒன்றாக டீ குடித்தோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். சொன்னதே இல்லை.

அடக்கத்துக்குத் திருத்துறைப்பூண்டி போயிருந்தேன். மாலையில் ஊர்தி கிளம்ப, ஆண்களோடு நானும் பின்னால் நடந்தேன். தெருமுனை வந்ததும் சுரீரென்று உறைத்தது. உடல் வெளியேறியதும் வீட்டைக் கழுவி விடுவார்களே! பினாயில் போட்டுத்தானே கழுவுவார்கள்! இறுதி ஊர்வலத்தில் பாதியில் திரும்பக் கூடாது என்று எனக்கும் தெரியும். திரும்பினேன். எல்லாரும் பார்க்க ஓடினேன்.

கொல்லைப்புறத்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் ஒரு கையில் பினாயில் வாளியும் மறு கையில் அந்த ஜாடியுமாக நின்றார். மூடியைக் கழற்றியிருந்தார். "நாத்தம் தாங்கலங்க, சாக்கடையில ஊத்திடறேன்" என்றார். "கொட்டாதீங்கம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் மேடத்தின் மகள் கயல் ஈரக் கூந்தலோடு வெளியே வந்து ஜாடியை வாங்கிக்கொண்டாள்.

"காலேஜ்லயே வச்சுக்கயேம்மான்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன் சார். 'அங்க ஒரு சார் பினாயிலை ஊத்திடுவாரு'ன்னு சிரிப்பாங்க."

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "அந்தச் சார் நான்தாம்மா" என்றேன். கேட்க வேண்டியவர் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. கயல் ஜாடியை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீட்டினாள். "வெள்ளிக்கிழம மறந்துடாதீங்க சார்."

பஸ்ஸில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை டீசலும் உரமும் போட்டேன். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று நான் போட்ட சத்தத்தில் வாளியிலிருந்து ஒரு துளி பினாயில் உள்ளே தெறித்திருந்தால்? இரண்டாவது முறையும் என் கண் முன்னாலேயே கொன்றுவிட்டேனா? கூட்டத்தில் வாசிக்க இதை எழுதும்போதே எழுந்து எழுந்து போய் ஜன்னலோரம் வைத்த ஜாடியைப் பார்க்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஜாடி, வெள்ளிக்கிழமை வேலை, நேருக்கு நேர் கேட்டு நான் பெற்றுக்கொள்ளாமல் போன ஒரு மன்னிப்பு. இன்று வியாழன். காலையில் பார்த்தபோது அந்த வானவில் படலம் நடுவில் கிழிந்து, ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. நான் வாய்விட்டுச் சொன்னேன்:

"சாப்பிடுறாங்க மேடம்."