அம்மாவின் வாயில் வேறொருத்தியின் குரல்

வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை இரண்டு பேர் பிடித்து, வெயிலை அம்மாவின் முகத்தில் திருப்பிவிட்ட அந்த வெளிச்சம் இன்றும் என் கண்ணைக் கூசவைக்கிறது. யாழ்ப்பாணத்து மீன்சந்தையில் அம்மா வியர்த்தபடி விளைமீன் வெட்டிக்கொண்டிருக்க, கூச்சக்காரியான நான் மீன் போட்ட பனையோலைக் கடகப்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

படமெடுக்க வந்தவரைச் சந்தையே "டைரக்டர் தம்பி" என்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில், ஸ்டூடியோவும் நட்சத்திரங்களும் இல்லாமல், தெருச்சனங்களையே நடிக்கவைத்து எடுத்த படங்களைக் கொழும்பில் பார்த்துவிட்டு, எங்களையும் அப்படி எடுக்க வந்திருந்தார்.

"மேக்கப் வேண்டாம் அக்கா. நீங்கள் கூவி விக்கிற அந்தக் குரல்தான் எனக்கு வேணும்."

"அப்ப மீன் நாத்தத்தையும் பிடிப்பியளோ தம்பி?" என்று அம்மா கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள்.

சந்தை இரைச்சலில் ஒலியைப் பதியமுடியாதாம். குரல் கொடுக்கப் பிறகு கொழும்புக்குக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனார். அம்மா அதற்கென்றே ஒரு சேலையை மடித்துவைத்துக் காத்திருந்தார். அழைப்பு வரவில்லை, படம் வந்தது.

கொட்டகை முழுக்கச் சந்தைச் சனம். திரையில் அம்மாவின் முகம், அம்மாவின் கத்தி. வாய் திறந்ததும், இந்தியப் படங்களில் கேட்கிற மெல்லிய குரலொன்று, "வாங்கம்மா, நல்ல மீனுங்க" என்றது.

"மதராசுக்கு எப்ப போய் வந்தனீ, ராசாத்தி?" என்று பின்வரிசையிலிருந்து நண்டு விற்கும் மாமி கேட்க, சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

வாசலில் நின்ற டைரக்டர் தலை நிமிரவில்லை. "உங்கடை பேச்சு சனத்துக்கு விளங்காதெண்டு படம் வாங்கினவை சொல்லிப்போட்டினம், அக்கா."

"எங்கடை சனத்துக்கோ?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

அதன்பிறகு அவர் சந்தையில் கூவவேயில்லை. வாய் திறந்தாலே யாராவது "வாங்கம்மா" என்பார்கள் என்பதால், மீனை அடுக்கிவைத்துவிட்டு, கேட்டவர்களுக்கு மட்டும் மெதுவாக விலை சொன்னார்.

இப்போது 2009. கொட்டகையும் இல்லை, அம்மாவும் இல்லை. லண்டன் நோர்பரியில், கடை ஷிப்ட் முடிந்து நான் வந்த ஒரு மாலை, சினிமா படிக்கும் மகள் பழைய இத்தாலியப் படமொன்றைப் போட்டிருந்தாள். அதில் பழம் விற்கும் ஒருத்தி அடித்தொண்டையால் கூவினாள். பாஷை தெரியாத எனக்கே கண் கலங்கிவிட்டது.

"அம்மா, அது அவவின்ரை குரலில்லை. எல்லாம் பிறகு டப்பிங். அந்த நேரம் அங்க அதுதான் நோர்மல்" என்றாள் மகள்.

டைரக்டர் தம்பி அதையும் சேர்த்துத்தான் பார்த்துப் படித்திருக்கிறார்.

"அம்மம்மா எப்பிடிக் கூவுவா?" என்று மகள் கேட்டாள். சொல்லிக்காட்டலாமென்று கண்ணை மூடினேன். காதில் வந்தது அந்த மெல்லிய "வாங்கம்மா" தான்.